வலது பக்கக் கண்ணாடி

"உமேஹரா-சான், அந்த ஜீப்பைக் கீழே வைங்க!"

கனயே போட்ட சத்தத்தில் மாடியே அதிர்ந்தது. கேட்கத்தான் ஆளில்லை. சனிக்கிழமை மதியம். ஷிசுவோகா நகரில் பிளாஸ்டிக் மாடல்கள் ஒட்டிச் செய்கிற எங்கள் சங்கத்தார் மொத்தப் பேரும் முள்ளங்கி, முட்டையெல்லாம் போட்டு வேகவைத்த ஓடென் சாப்பிடத் தெருக்கோடிக் கடைக்குப் போயிருந்தார்கள்.

உமேஹராவின் இடது கையில் ஷிராதோரி செய்துகொண்டிருந்த ஜீப். உள்ளங்கையில் அடங்குகிற, இன்னும் வர்ணம் பூசாத, போர்க்கால அமெரிக்க ராணுவ ஜீப். வலது கையில் கத்தி.

"சாயங்காலத்துக்குள்ள கண்காட்சிக்குப் பேர் கொடுக்கணும். அவர் ஜீப் ஜெயிச்சுடப் போகுதேன்னு வயித்தெரிச்சலா?"

கனயே போன மாதம்தான் செயலாளர் ஆனாள். விதிகளைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிற ரகம். எதிர்ச் சுவரில் பொடி எழுத்தில் அச்சடித்து ஒட்டியும் வைத்திருக்கிறாள். முதல் விதி: யார் கையால் செய்ததோ அவர் பெயரில்தான் காட்சிக்கு வைக்க வேண்டும். மீறினால் நீக்கம்.

அவள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. உமேஹரா ஒரு காலத்தில் பரிசுகளை அள்ளியவர். மனைவி ஃபுமி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து ஒரு மாடல் பெட்டியைக்கூடப் பிரித்ததில்லை. சனிக்கிழமை தவறாமல் வருவார், தேநீர் குடிப்பார், மற்றவர்கள் செய்வதைக் குத்திக் காட்டுவார், போய்விடுவார். அதிகமாகக் குத்து வாங்குகிறவர் நாற்பது வருஷ நண்பர் ஷிராதோரிதான்.

"கத்தாதேம்மா. கிட்ட வந்து பாரு. ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது பக்கம்."

"பின்னாடி வர்ற வண்டியைப் பார்க்கற கண்ணாடி?"

"வலது... ஐயையோ!"

"டிரைவர் ஒரு பக்கம், அவன் பார்க்கற கண்ணாடி இன்னொரு பக்கம். முப்பது வருஷம் வலது பக்க ஸ்டியரிங் வச்ச நம்ம ஊர் பஸ் ஓட்டின கை இல்லையா, பழக்க தோஷம்! போன வாரம் பெட்ரோல் கேனைத் தலைகீழா ஒட்டியிருந்தான். அதுக்கு முந்தின வாரம் முன் சீட்டு ரெண்டும் பின்னாடி பார்த்துக்கிட்டு இருந்துச்சு."

கனயேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உமேஹரா சிரிக்கவில்லை.

"அவனுக்குக் கண்ணு போயிடுச்சும்மா. டப்பா மேல என்ன எழுதியிருக்குன்னுகூடத் தெரியல. பிளாஸ்டிக் பசைன்னு நினைச்சு, மரம் ஒட்டற வெள்ளைப் பசையைப் போட்டிருக்கான். ஈரத் துணி வச்சா கையோட வந்துடுது. நான்தான் ஒவ்வொண்ணா எடுத்து சரியான பசை போட்டு ஒட்டிக்கிட்டு வர்றேன். குளிர்காலம் பூரா இதே வேலை."

"அவர்கிட்டயே சொல்லலாமே?"

"சொன்னா இந்தப் பக்கமே வரமாட்டான். ரோஷக்காரன். என்னை வேணும்னா நீக்கிக்கோ. அவனுக்கு மட்டும் தெரியவேண்டாம்."

கனயே சுவரில் இருந்த விதிகளைப் பார்த்தாள். இந்த ஜீப்பை ஷிராதோரி பெயரில் சேர்த்தால் அவளே விதியை உடைத்த மாதிரி. சேர்க்காவிட்டால் அந்த மனுஷருக்கு விஷயம் தெரிந்துபோகும்.

"நான் எதையும் பார்க்கலை. சீக்கிரம் ஒட்டுங்க, வந்துடப் போறாங்க" என்றாள்.

கண்ணாடி இடது பக்கம் ஏறி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஷிராதோரி பொட்டலத்தோடு படியேறி வந்தார்.

"இந்தா உமேஹரா, முள்ளங்கியும் முட்டையும். சும்மா உட்கார்ந்து வம்பு பேசறவனுக்கும் பசிக்குமில்ல?"

"நீ ஒட்டற லட்சணத்தைப் பார்த்தே எனக்கு வயிறு நிறைஞ்சுபோச்சு" என்றபடி உமேஹரா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, தேநீர் போட உள்ளே போனார்.

ஷிராதோரி ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கண்காட்சிப் படிவத்தை எடுத்து கனயேவிடம் நீட்டினார்.

செய்தவர் பெயர் என்ற இடத்தில் 'உமேஹரா' என்று இருந்தது.

பாவம், இதிலும் கண் ஏமாற்றிவிட்டது என்று நினைத்து அவள் பேனாவை எடுத்தாள்.

"ஷிராதோரி-சான், உங்க பேருக்குப் பதிலா அவர் பேரை எழுதிட்டீங்க. பரவாயில்லை, நான் திருத்திடறேன். ஒரு தடவை கண் டாக்டரைப் பார்த்துட்டு வந்தா என்ன?"

"என் கண்ணுக்கு என்ன?" ஷிராதோரி நின்ற இடத்திலிருந்தே எதிர்ச் சுவரைப் படித்தார். "'யார் கையால் செய்ததோ அவர் பெயரில்தான்...' இந்த விதியைச் சுவர்ல ஒட்டினது நீதானேம்மா? அந்த ஜீப்ல நான் ஒட்டின எல்லாத்தையும் அவன் மாத்திட்டான். கண்ணாடி ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. இன்னைக்கு அதுவும் ஆச்சு."

கனயே பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்போ... தெரிஞ்சேதான் தப்பா ஒட்டினீங்களா?"

"ரெண்டு வருஷமா கெஞ்சினேன், கத்தியைக் கையால தொடமாட்டேன்னுட்டான். ஆனா தப்பைப் பார்த்துட்டா அவனுக்குக் கை சும்மா இருக்காது."

உள்ளே தேநீர்க் கோப்பைகள் மோதுகிற சத்தம் கேட்டது. கனயே குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த மரம் ஒட்டற பசை?"

"அவன் பிரிக்கறப்போ எதுவும் உடையக்கூடாதில்ல?"