ஹாஸ்டல் காலத்து ஃப்ரெண்ட்

அமெரிக்காவின் டெக்சாஸிலுள்ள ஆலன் நகரிலிருந்து இத்தாலிக்கு வந்தும், ரோமைச் சுற்றாமல் மண்சாலையில் காரை உருட்டிக்கொண்டிருந்தான் ரூஃபஸ். மனைவி ரெபெக்காவுக்குக் கடுப்பு.

"இருக்கிறதே ஒரு வாரம் லீவு. அதுல ஃப்ரெண்டு வீடு வேறயா?"

"ஹாஸ்டல் காலத்து ஃப்ரெண்டும்மா. போன வருஷம் இறந்துட்டார். ஃபேமிலியையாவது பாக்கணும்."

கூடப் படித்தவர் இங்கே செட்டில் ஆகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

"அரை மணி நேரம்தான், சொல்லிட்டேன்."

சுண்ணாம்பு உதிர்ந்த சின்ன வீடு. கதவைத் திறந்த வயதான இத்தாலியப் பெண்மணி, "ரூஃபஸ்!" என்று அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

சுவரில் அவருடைய மூன்று பிள்ளைகளின் படங்கள். பக்கத்திலேயே, எண்ணெய் வழியத் தலைவாரி, காக்கி டவுசர் போட்ட ஒரு பையன்.

"டாடி, தட்ஸ் யூ!" என்று கத்தினாள் மகள் ஜெபினா.

ரூஃபஸ் அந்தப் படத்தைத் தொட்டுப் பார்த்தான். "ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து காலேஜ் வரைக்கும் என்னை ஹாஸ்டல்ல படிக்க வெச்சது இந்த வீட்டு அங்கிள்தான். ஆலிவ் தோட்டத்துல கூலி வேலை பாத்து, சர்ச் மூலமா பணம் அனுப்புவார். லெட்டர்ல 'உன் ஃப்ரெண்டு'ன்னுதான் கையெழுத்துப் போடுவார்."

"நேர்ல பாத்திருக்கீங்களா?"

"ஒரு தடவைகூட இல்ல."

ரெபெக்கா அவன் கையிலிருந்த கார் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"ரோம் எங்கயும் ஓடிடாது. இன்னைக்கு இங்கயே தங்கலாங்க."