பெட்டிக்குத் தெரியாத நாரைகள்

அது ஏப்ரலா மே மாதமா என்று உறுதியாக நினைவில்லை. விண்ணப்பிக்கக் கடைசி நேரம் மாலை ஐந்து மணி என்பது மட்டும் நிச்சயம். கோடை ஆராய்ச்சி முகாமில் இருபது பிள்ளைகளுக்கே இடம். விண்ணப்பத்தில் ஒரே கேள்வி: கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் உங்கள் வீட்டுப் பேசும் பெட்டி, எந்தக் கேள்விக்குத் தெரியாது என்றது?

பிளெசி காலையிலிருந்து அறுபது கேள்விகள் கேட்டுவிட்டாள். பெட்டி அத்தனைக்கும் சலிக்காமல் பதில் சொன்னது. நாலரை மணிக்கு அவளுக்கு அழுகை முட்டியபோது, அப்பா உப்பளத்திலிருந்து வந்தார்.

“ஏட்டி, மூஞ்சி ஏன் தொங்குது?” என்றவர், விஷயத்தைக் கேட்டதும் பெட்டியின் பக்கம் திரும்பினார். “எங்க நாலாம் பாத்தியில மட்டும் நாரையெல்லாம் வடக்கப் பாத்தே நிக்குதே, ஏம்ல? சொல்லு பாப்போம்.”

பெட்டி, “தெரியாது” என்றது. அதைக் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

“இது உங்க கேள்விப்பா. நான் எப்படி எழுத?” என்றாள் பிளெசி.

“உள்ளத எழுது.”

நாரைக் கேள்வியின் கீழே, ‘கேள்வி அப்பாவுடையது. நாளையிலிருந்து நான் போய்ப் பார்ப்பேன்’ என்று எழுதி அனுப்பினாள்.

பிளெசிக்கு இடம் கிடைத்தது. நாரைகளைப் பார்க்க முகாமே நாலாம் பாத்திக்கரைக்கு வந்தது. அம்மா இருபது பேருக்கும் மோர் கொடுத்தாள். அப்பா வழக்கம்போல் உப்பு வாரினார். நாரைகள் இன்னும் வடக்கே பார்த்துத்தான் நிற்கின்றன.