டெல்பர்ட்டுக்கு நாலு வரி

"நாலே நாலு வரி! எம் புருஷன் சாவுக்கு நாலு வரி! ஏண்டி, உனக்கே நல்லாயிருக்கா?"

வெர்னா பேப்பரை மேஜை மேல விட்டெறிஞ்ச வேகத்துல கோரினோட காப்பி தளும்பிடுச்சு.

கோரின் நிமிர்ந்தே பார்க்கல. அமெரிக்காவுல, ஐயோவா மாநிலத்துல, அந்தச் சின்ன ஊருக்குன்னு வர்ற வாரப் பத்திரிகைல இப்ப மிச்சமிருக்கறது அவ ஒருத்திதான். முன்னாடி ஆபீஸ் கொள்ளாம ஆளுங்க இருந்தாங்க. விளம்பரம் பிடிக்கற டுவைன் எந்நேரமும் சூரியகாந்தி விதையைக் கொறிச்சுக் கொறிச்சுப் பூந்தொட்டில துப்புவான், அதுல ஒண்ணு முளைச்சுப் பூவே விட்டுச்சு. அது கிடக்கட்டும். சிகாகோல இருக்கற முதலாளி, தானா எழுதற மெஷினைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, மத்தவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாரு. பள்ளிக்கூட ஃபுட்பால், சோள விலை, சாவுச் செய்தி எல்லாம் இப்ப அதுதான் எழுதுது. கோரின் ஒரு பார்வை பார்த்துட்டு பட்டனை அமுக்கணும். அவ்வளவுதான் உத்தியோகம்.

"என்னடி குறை?"ன்னா கோரின்.

"குறையா? பொறந்தாரு, தானிய மில்லுல வேலை பார்த்தாரு, என்னைக் கட்டிக்கிட்டாரு, செத்தாரு. தந்தி மாதிரி! பேஸ்பால் எங்கடி?"

டெல்பர்ட்டோட பேஸ்பால் கதை ஊருக்கே மனப்பாடம். வாலிப வயசுல ஒரு கோடை முழுக்க ஆத்தங்கரை ஊர் டீமுக்குப் பந்து வீசினாராம். காப்பிக் கடைல உப்பு ஜாடியைப் பந்து மாதிரி பிடிச்சு, எப்படி வளைஞ்சு போச்சுன்னு வீசிக் காட்டுவாரு. ஒரு நாள் கை நழுவி, அது பாதிரியார் சூப்புல போய் விழுந்துச்சு. மனுஷன் கோவிச்சுக்குவாருன்னு பார்த்தா, "அவுட்!"னு கையைத் தூக்கிட்டாரு. கடையே உருண்டு சிரிச்சுது. வெர்னா அவரைக் கட்டிக்கிட்டதே அந்தப் பந்துக் கதைல மயங்கித்தான்.

"மெஷின் விட்டுடுச்சு போலிருக்குடி."

"அது விட்டுச்சுன்னா நீ எதுக்கு இருக்கே? முன்னாடி ஒரு சாவு விழுந்தா, அந்த வீட்டு அடுக்களைல வந்து உக்காந்து, இருக்கற காப்பியெல்லாம் குடிச்சுத் தீர்த்து, கேட்டுக் கேட்டு எழுதுவியே! தீவனக் கடைப் பூனை செத்ததுக்குக் கால் பக்கம் எழுதினவதானே நீ?"

"எழுதினேன்."

"பூனைக்குக் கால் பக்கம். எம் புருஷனுக்கு நாலு வரி."

கோரின் சிரிக்கப் பார்த்தா. முடியல.

"நேத்து அடக்கம் முடிஞ்சு சர்ச்சுல எல்லாரும் சாண்ட்விச்சைக் கைல வச்சுக்கிட்டு, 'என்ன வெர்னா, பேஸ்பாலையே காணோமே'ங்கறாங்க. நான் என்னத்தைச் சொல்ல? இதை வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஒட்டணும்டி நான். பால் எடுக்கறப்பல்லாம் இதைத்தானே பார்க்கணும்?"

வெர்னாவோட குரல் சட்டுனு இறங்கிடுச்சு.

"அடுத்த வாரம் மறுபடி போடுடி. ஒரே ஒரு வரி. பந்து வீசினார்னு. மெஷின் வேணாம், நீ உன் கையால எழுது."

கோரின் தன்னோட விரலையே பார்த்துக்கிட்டிருந்தா.

"முடியாதுடி."

"ஏன்?"

"போட்டது போட்டதுதான். மெஷின் மறுபடி எடுத்துக்காது."

"மெஷினாம் மெஷின்! அது வந்ததே உனக்கு வசதியாப் போச்சு. ஒரு வரி எழுத வலிக்குது. சோம்பேறி ஆயிட்டே, அதான் நிஜம்."

"ஆமாடி"ன்னா கோரின். "அலுத்துப் போச்சு."

மல்லுக்கட்டுவான்னு நினைச்சு வந்தவளுக்கு அந்த "ஆமாடி" இன்னும் எரிச்சலைக் கிளப்பிடுச்சு.

"நல்லாக் கேட்டுக்கோ. நான் செத்தா உன் பேப்பர்ல ஒரு எழுத்து வரக்கூடாது. எம் பொண்ணுங்ககிட்ட இப்பவே சொல்லி வச்சுடறேன். நீயும் வராதே."

கதவு அறைஞ்சு சாத்தின சத்தத்துல ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. ரெண்டு பேரும் ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து பள்ளிக்கூட பஸ்ல ஒரே சீட்டு. வெர்னா கல்யாணத்துல பூச்செண்டு பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னவளே கோரின்தான்.

மேஜைல தளும்பியிருந்த காப்பியைக் கோரின் துடைச்சா. அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, டெல்பர்ட்டைப் பத்தி மெஷின் முதல்ல எழுதினதைத் திறந்தா.

மெஷின் எதையும் விடல. நாட்டுல இருக்கற பழைய பேப்பரையெல்லாம் துழாவி முக்கால் பக்கம் எழுதி, எங்கிருந்தோ ஒரு ஃபோட்டோவையும் தேடிப் பிடிச்சு வச்சிருந்துச்சு. நாலு வரியை விட்டுட்டு மிச்சத்தையெல்லாம் வெட்டினது கோரினோட கைதான். பொய்யை அச்சுல ஏத்த அவளுக்கு வராது. நிஜத்தை ஏத்தவும் மனசு வரல.

இனிமே யார் கண்ணுலயும் பட வேணாம்னு, எல்லாத்தையும் அழிக்கப் போனா. அழிக்கறதுக்கு முன்னாடி அந்த ஃபோட்டோவை ஒரு தடவை பார்த்துக்கிட்டா. வாலிப டெல்பர்ட், மைதானத்து நடுவுல, வாயெல்லாம் பல்லா நிக்கறாரு. கக்கத்துல ஒரு பெரிய கரடித் தலை. கீழே மெஷின் எழுதியிருந்துச்சு:

"ஒரு கோடை முழுவதும், ஆற்றங்கரை ஊர் அணியின் பேஸ்பால் ஆட்ட இடைவேளைகளில், கரடி வேடமிட்டு ஆடிக் குழந்தைகளைச் சிரிக்க வைத்தவர்."