நான்கு நிமிடம்

கிராண்ட்மாஸ்டர் செஸ் கடிகாரத்தை நிறுத்தினார். தோற்றவர் குலுக்க நீட்டவேண்டிய கையை நீட்டவில்லை.

யாரிடம் நீட்டுவது? எதிர் நாற்காலியில் இருப்பவர் ஞானசெல்வம், கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர். திரையில் வருகிற மூவைப் பலகையில் எடுத்து வைப்பது மட்டும்தான் வேலை. ஜெயித்தது திரைக்குள் இருக்கிறது.

ஆறு ஆட்டம். ஆறிலும் தோல்வி.

கோயம்புத்தூர் ஹோட்டல் ஹால் சீக்கிரமே காலியானது. தோற்ற கிராண்ட்மாஸ்டரிடம் என்னத்தைப் பேசுவது என்று ஆளாளுக்கு நழுவிவிட்டார்கள். ஜன்னலில் மத்தியான வெயில் மட்டும் நின்றது.

முப்பது வருட வழக்கம் ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவரும் தோற்றவரும் அதே பலகையில் காய்களைத் திரும்ப அடுக்கிப் பேசுவார்கள். 'இந்த இடத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது' என்று ஜெயித்தவன் ஒரு வார்த்தை சொல்வான். அது போதும், தோற்றிருந்தாலும் அவர் அன்றைக்குச் சோறு சாப்பிட்டுவிடுவார்.

இன்று அதைச் சொல்ல நாதியில்லை.

அவரே அடுக்கினார். இருபத்துமூன்றாவது மூவ் வரை.

இங்கேதான் குதிரையைப் பலி கொடுத்தார். இத்தனை வருடத்தில் ஆடியதிலேயே அழகான மூவ். நொடியில் பதில் சொல்லும் சனியன், இதற்கு மட்டும் நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது.

பயந்திருக்கிறது. நான்கு நிமிடமாவது பயந்திருக்கிறது. தோற்றதிலிருந்து அவர் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒன்றைத்தான்.

"நாலு நிமிஷம் யோசிச்சுதே" என்றார், வாய்விட்டு.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஞானசெல்வத்தின் கை நின்றது.

"சார்... அது யோசிக்கல சார்."

அவர் நிமிர்ந்தார்.

"பதில் உடனே வந்துருச்சு. ராஜாவ ஒரு கட்டம் நகர்த்தணும், அவ்ளோதான். எனக்கும் கொஞ்சம் ஆடத் தெரியும். அதை வெச்சா உங்க ஆட்டம் முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுது. எனக்குத்தான் சார் கை வரல."

அடப்பாவி. இருந்த ஒன்றும் போயிற்று.

அவர் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வயதில் அழுதுவிடுவோமோ என்று வெட்கமாக இருந்தது.

ஞானசெல்வம் போகவில்லை. பாதி சுருட்டிய ஒயர் கையிலேயே இருந்தது.

"உட்காருங்க" என்றார் அவர். "இப்ப வைங்க."

ஞானசெல்வம் உட்கார்ந்தார். ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார். வைத்த பிறகும் அதன் தலையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

அவர் பலகைக்கு மேலே கையை நீட்டினார்.