திரைக்குள் பாரம்

“உங்களுக்கு மனசாட்சி இருக்கா மாப்பிள்ளை? கை முடியாதவளுக்குக் கம்ப்யூட்டர்லயும் பாரமா?”

ஃபோனில் விஷயத்தைக் கேள்விப்பட்டுச் சீர்காழியிலிருந்து வந்த அனீஸா, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் தங்கை கணவனிடம் சீறினாள்.

தங்கை ஷமா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். நரம்பு நோய் வந்து வலது கை வலுவிழந்துகொண்டே வந்தது. ஆனாலும் மன்னார்குடி அச்சகம் ஒன்றுக்குக் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பதை அவள் விடவில்லை.

கணவன் ஃபாஜில் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். மனைவியின் கம்ப்யூட்டர் திரையை நிஜ மேஜை போல ஆக்கியிருந்தான். அதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் எடை உண்டு. எறிந்தால் சறுக்கும், இன்னொன்றில் இடிக்கும், அடுக்கினால் சரியும். பெரிய ஃபைலை மவுஸால் பலமுறை இழுத்தால்தான் நகரும்.

“எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஃபைலைத் தொட்டா ஓடுது. இது என்ன கொடுமை?”

“கைக்குப் பயிற்சிக்கா,” என்றாள் ஷமா. “முன்னாடி இழுத்து இழுத்து வேர்த்துடும். இப்பப் பாரு, ஒரே இழுப்பு! கை தேறுதுக்கா.”

ஃபாஜில் கொல்லைப் பக்கம் போனான். அனீஸா விடவில்லை. பின்னாலேயே போனாள்.

“பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம விளையாட்டுக் காட்டுறீங்களா?”

“சென்னைக்கே போயிட்டு வந்தாச்சுக்கா. டாக்டர் சொன்னதை அவகிட்ட நான் முழுசாச் சொல்லல.” தலையைக் குனிந்துகொண்டான். “அந்தக் கைக்கு வலு திரும்பாதாம். அடுத்தது இடது கை. அப்புறம் மூச்சு.”

“அப்ப, தேறுதுன்னு சொல்றாளே?”

“கை வலு இறங்க இறங்க ஃபைலோட எடையை நான்தான் குறைச்சுக்கிட்டே வர்றேன். அவளுக்குத் தெரிய வேணாம்க்கா.”

அனீஸா அப்போதுதான் கைப்பையைக் கீழே வைத்தாள்.

“மச்சான், சாப்பிட வாங்க!” உள்ளிருந்து ஷமா கூப்பிட்டாள். “இன்னிக்கு எல்லாத்தையும் நானே நகர்த்திட்டேன்!”

ஃபாஜில் முகத்தைக் கழுவிக்கொண்டு, சிரித்தபடி வந்து உட்கார்ந்தான். தட்டு காலியாகும்வரை சாப்பிட்டான்.

அவன் எழுந்து கை கழுவப் போனதும், அனீஸா தங்கையின் தோளைத் தொட்டாள்.

“மாப்பிள்ளையைத் தப்பா பேசிட்டேன்டி. உன் கை நல்லாத்தான் தேறியிருக்கு.”

ஷமா வாசற்படியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நீயுமாக்கா? தண்ணி டம்ளரே கையில நிக்கல, எனக்குத் தெரியாதா? தேறுதுன்னு நான் சொல்ற அன்னிக்குத்தான் அவர் வாய்ல சோறு இறங்குது. சொல்லிடாதே.”