பன்னிரண்டாவது கொள்ளைக்காரன்

ஷெரிப் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும், சாராயக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்த பதினொரு கொள்ளைக்காரர்கள் தங்கள் பெர்மெஸ்ஸோக் கடதாசியை எடுத்து மரியாதையாக நீட்டினார்கள்.

இயக்குநர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

இது மூன்றாவது தடவை.

கதை நடப்பது அமெரிக்காவின் பாலைவனத்தில். எடுப்பது இத்தாலியில், பலேர்மோவுக்குப் பக்கத்திலுள்ள பகேரியாவுக்குப் பின்னால், கைவிட்ட ஒரு கல்லுக்குவாரியில். ஒரு காலத்தில் உலகமெல்லாம் ஓடிய பழைய கௌபாய் படமாம். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, வைகாசி வெயிலில், அதைக் கலரில் திரும்ப எடுத்தார்கள். தனி ஆளாக நின்று ஒரு ஊரையே திருத்துகிற ஷெரிப்பின் கதை.

திருந்தவேண்டியவர்களைப் பலேர்மோவின் போர்கோ வெக்கியோச் சந்தையடியில், காலை ஆறு மணிக்கு வான் வண்டியில் ஏற்றியிருந்தார்கள். பன்னிரண்டு பேர். பிறந்தது மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும். வெயிலுக்குள் நிறுத்திப் பார்த்தால் மெக்சிக்கோ.

உடுப்புக்குப் பொறுப்பான சினியோரா, மணிக்கூடு, மோதிரம், பர்ஸ் எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் பூட்டினாள். பெர்மெஸ்ஸோவை மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை. இத்தாலியில் இருக்கலாம் என்று பொலிஸ் தந்த கடதாசியை, எவரை நம்பிக் கையில் கொடுப்பது? பிளாஸ்டிக் உறையோடு அது கொள்ளைக்காரச் சட்டையின் இடது பைக்குக் குடிபோனது.

ஷெரிப்பின் நெஞ்சிலோ தகர நட்சத்திரம் பளபளத்தது.

வயதில் மூத்த கொள்ளைக்காரர் அருளையா. பலேர்மோவில் பத்து வருடம். இரண்டாவது தடவை அவர் எழுந்து நடந்துபோய், கடதாசியை ஷெரிப்பின் கையிலேயே கொடுத்துவிட்டார். ஷெரிப்பாக நடித்தவரும் தங்கமான மனிதர். விரித்து வாசித்து, படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்து, முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவது தடவைக்கு முன் எல்லாப் பைகளுக்கும் பித்தான் போட்டுவிட்டார்கள். பித்தான்கள் தெறித்தன.

நட்சத்திரத்தைக் கண்டால் கை தானாகப் போகிறது, மனிதர் என்ன செய்யலாம் என்று அருளையா இத்தாலியனில் விளக்கம் கொடுத்தார்.

இயக்குநர் கண்ணை மூடி யோசித்துவிட்டுக் கதையை மாற்றினார். இனிப் பன்னிரண்டு பேரும் பிணம். பிணம் பைக்குள் கைவிடாது.

அருளையாவுக்கு அதிலும் முழு நம்பிக்கை இல்லை.

பன்னிரண்டு பேரில் ஏர்னஸ்ற்றுக்குத்தான் பிணமாவது சரிவராது. மாசி மாதம் ஸ்ரெல்லாவிடம் கலியாணம் கேட்டவன் அவன். மறுமொழி இன்னும் வரவில்லை. நேற்று, துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பலைப் பார்த்தபடி அவள் சொன்னது இவ்வளவுதான்:

"பிணமாய்க் கிணமாய்க் கிடந்திட்டு வந்து என்னோடை கதைக்க வேண்டாம். படத்திலை உம்மடை முகம் தெரியவேணும். பிறகு மறுமொழி சொல்லுறன்."

பிணத்துக்கு முகம் மண்ணில்.

அந்த நேரம் பார்த்து இயக்குநர், எடுத்ததைச் சின்ன ரீவியில் கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்த்தார். பதினொரு கை பைக்குள் பாய்கிறது. மூலையில் ஒருவன், சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல், கல்லாகச் சமைந்து இருக்கிறான்.

யார் இவன் என்று கேட்டார்.

ஏர்னஸ்ற்றை நடு மேசைக்குக் கொண்டுவந்தார்கள். கமெரா அவன் முகத்துக்கு இரண்டு முழத்தில் நின்றது. மற்றவர்களின் கை எங்கே போனாலும் போகட்டும், இதுவும் பிழையாய்ப் போனால் எல்லோரும் பிணம் என்று இயக்குநர் அறிவித்தார்.

கதவு கிறீச்சிட்டது. சப்பாத்துச் சத்தம் வந்தது. மேசையடியில் நின்றது.

ஏர்னஸ்ற் நிமிரவில்லை. இமைக்கவில்லை. மூச்சு விட்டானா என்பதற்குச் சாட்சி இல்லை. நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி புறப்பட்டு, மூக்கு நெடுகிலும் இறங்கி, கையிலிருந்த ராணிச் சீட்டின்மேல் விழுந்தது.

இயக்குநர் ஓடிவந்து அவனுடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். முப்பது வருடத்தில் இப்படியொரு நடிப்பை அவர் பார்த்ததில்லையாம். எங்கே படித்தான் என்று கேட்கச் சொன்னார்.

"எங்கையடா பழகினனீ?" என்றார் அருளையா.

ஏர்னஸ்ற் இடது பைக்குள் கைவிட்டு, அதற்குள் இருந்ததை எடுத்துக் காட்டினான்.

ஒரு சீப்பு.

அருளையா சீப்பைப் பார்த்தார். பைக்குள் எட்டிப் பார்த்தார். கடதாசி ஒன்றும் இல்லை. பலேர்மோவுக்கு வந்த இந்த மூன்று வருடமும், சீருடை கண்ட இடத்திலெல்லாம் இவன் மூச்சை அடக்கிச் சுவரோடு சுவராகிப் போனது எதற்கென்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

இயக்குநரின் பக்கம் திரும்பி, மூன்று தலைமுறையாக நாட்டுக்கூத்து ஆடுகிற குடும்பம் என்று, சுத்தமான இத்தாலியனில் சொன்னார்.

ஏர்னஸ்ற் தலையை வாரிக்கொண்டான். இன்னொரு தடவை, இன்னும் கிட்டத்தில், முகத்தை மட்டும் எடுக்கப்போகிறார்களாம்.