ஊரார் பிள்ளைக்கு

“இந்தப் புத்தகமா? ப்ளீஸ், இதை என் வீட்டு மேஜை மேல வைக்காதீங்க.”

தேசியப் பாடத்திட்டத்தின் மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஜெயகணேஷ் இரண்டு விரலால் நகர்த்தினார். எச்சில் இலையைத் தள்ளுவது போலிருந்தது.

ஷாலினி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தாராவியிலிருந்து புறப்பட்டு, ஜி.டி.பி. நகரில் ரயிலேறி, செம்பூரின் இந்த ஏழாவது மாடிக்கு அவள் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜெயகணேஷும் ஷர்மிளாவும் எட்டு வயது மகள் மிஹிகாவைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இனி வீட்டிலேயே படிப்பு. சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வேண்டும்; அதற்குத்தான் ஷாலினியைக் கூப்பிட்டிருந்தார்கள். எந்தப் பாடத்திட்டம் என்பதும் முடிவாக வேண்டும்.

“எனக்கு ஒரே குழப்பமா இருக்கு, ஷாலினி” என்றாள் ஷர்மிளா. “இவர் வெளிநாட்டுப் பாடம்தான்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். நாளைக்கு இவளைத் திரும்ப ஸ்கூல்ல சேக்கணும்னா? பத்தாவது பரீட்சை எழுதணும்னா? நேஷனல் ஸ்டாண்டர்டையும் கொஞ்சம் பாக்க வேண்டாமா?”

“மேடம் சொல்லுதது சரிதான் சார். எந்தப் பாடம் வேணும்னாலும் வச்சிக்கிடுங்க. ஆனா அளந்து பாக்க ஒண்ணு வேணும்லா? மூணாங்கிளாஸ் முடிக்கையில பிள்ளை ஒரு பத்திய வாசிச்சு அர்த்தம் சொல்லணும், இன்ன கணக்கு போடணும்னு எழுதி வச்சிருக்காவ. அத வச்சுப் பாத்தா நம்ம பிள்ளை எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுரும்.”

ஜெயகணேஷ் சிரித்தார்.

“எழுதி வச்சிருக்காங்க! எப்படி எழுதினாங்கன்னு தெரியுமா? ஏசி ரூம்ல உக்காந்து, சமோசா சாப்பிட்டுக்கிட்டே, போன வருஷப் புத்தகத்துல நாலு படத்தை மாத்தி எழுதினது. எழுதினவங்க பேரை யாரும் படிக்கிறதில்லைங்கிற தைரியம்.”

“பெரிய படிப்பு படிச்சவங்கதான சார் எழுதியிருப்பாவ?”

“நாப்பத்திரெண்டாம் பக்கம் எடுங்க.”

ஷாலினி பிரித்தாள். முப்பத்தாறு மாம்பழங்களை ஐந்து பேர் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை? விடை: ஏழு.

“மீதி ஒரு பழம் எங்கே போச்சு? எழுதினவன் தின்னுட்டானா? இதைப் படிச்சா என் பொண்ணு உருப்படுவாளா?”

“நானும் கவனிச்சேன் சார். அந்த ஒரு பழத்தை அஞ்சு துண்டா வெட்டி, பின்னம்னா என்னன்னு அதுலயே சொல்லிக் குடுத்துட்டேன். பிள்ளைக கப்புனு பிடிச்சுக்கிட்டு.”

“எந்தப் பிள்ளைங்க?”

“தொண்ணூறடி ரோட்டுல சாயங்காலம் ட்யூஷன் எடுக்கேன் சார். நாப்பது பிள்ளைக. எல்லாத்துக்கும் இந்தப் புத்தகந்தான்.”

“தாராவியில அது போதும்மா.” அவர் குரலில் இரக்கம் மாதிரி ஒன்று இருந்தது. “அவங்களுக்குப் பேர் எழுதவும் பஸ் நம்பர் பாக்கவும் தெரிஞ்சா சரி. என் பொண்ணு அப்படி இல்லை. கேள்வி கேக்கிறவ.”

“என்னங்க...” என்றாள் ஷர்மிளா.

“உண்மையைத்தானே சொல்றேன்? நேஷனல் ஸ்டாண்டர்டுங்கிறதே கூட்டத்துக்குப் போடுற கஞ்சி. பசி அடங்கும். ருசி கேக்கக்கூடாது.”

ஷாலினிக்கு முகம் சுட்டது. அவளும் அந்தக் கஞ்சியில் வளர்ந்தவள்தான். கார்ப்பரேஷன் பள்ளியில் படித்து, டீச்சர் டிரெய்னிங்கில் முதல் வகுப்பு வாங்கியவள்.

“எங்க பிள்ளைகளும் கேள்வி கேக்கும் சார். மிச்சம் ஒரு பழம் எங்கன்னு முதல்ல கேட்டது அதுகதான். நானில்ல.”

ஜெயகணேஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்க நல்லாச் சொல்லிக் குடுப்பீங்கன்னு தெரியுது. பாடம் வெளிநாட்டுதுதான், அது முடிவு. ஒரு மாசம் ஆன்லைன்ல டிரெய்னிங் குடுப்பாங்க. நல்ல சம்பளம். ஒரே கண்டிஷன், அந்தப் புத்தகம் இந்த வாசல்படி ஏறக்கூடாது. டீக் ஹை, சரிதானே?”

நல்ல சம்பளம். ஷாலினி தலை குனிந்து யோசித்தாள். அவளுக்கு இந்த வேலை வேண்டும்தான். தம்பி கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். அப்பாவின் தோல் பட்டறையில் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை.

புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்தாள்.

“நஹி சார். எனக்கு ஒத்து வராது.”

“ஏன்?”

“பகல்ல இங்க உக்காந்து இந்தப் புத்தகத்தைக் குப்பைன்னு சொல்லணும். சாயங்காலம் போயி அதே குப்பைய எம்பிள்ளைக கையில குடுக்கணும். அப்படி ரெண்டு நாக்கு எனக்கு இல்ல சார்.”

“உங்க இஷ்டம்.” அவர் தோளைக் குலுக்கிவிட்டு, சட்டை மாற்ற உள்ளே போனார். “மனுஷன் முன்னேறணும்னு நினைச்சாத்தானே!” என்றது அவர் குரல்.

ஷாலினி செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். பின்னாலேயே ஷர்மிளா வந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க, ஷாலினி. அவருக்கு ஒரு வாரமா டென்ஷன். இன்னிக்கு ஒரு புத்தகம் அச்சுக்குப் போகுது. இவர் கையெழுத்துப் போட்டாத்தான் போகும்.”

“சார் புத்தகமெல்லாம் எழுதுவாவளா மேடம்? என்ன புத்தகம்?”

ஷர்மிளா வீட்டுக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“நாலாம் வகுப்புக் கணக்கு. மூணாம் வகுப்புக்கு இருந்த மாதிரியே இதுக்கும் இவர்தான் கமிட்டித் தலைவர்.”